கண்ணாடி காய்ந்துதான் இருந்தது

முதலில் என் கையெழுத்துக்காக மன்னித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றுபோனது. எந்த இடத்தில் எந்த ‘ள’ வரும் என்பதில் இன்றைக்கும் எனக்குத் தடுமாற்றம் உண்டு. வரிகள் வலப்பக்கம் போகப் போகக் கீழே சரியும். பதினொரு வருடமாக இந்த வேலையில் நான் எழுதியதெல்லாம் இலக்கங்கள்தான். இலக்கத்தில் எழுத்துப்பிழை வராது. அது எனக்கு வசதியாக இருந்தது. அந்த வசதியால் என்ன நடந்தது என்று சொல்லத்தான் இந்தக் கொப்பியைக் கடையில் வாங்கினேன்.

எனக்குப் பிறகு இந்த வேலையைப் பார்க்கப் போகிற நீங்கள் இரண்டு பேரும் போன கிழமை வந்தபோது இதை வாயால் சொல்லியிருக்க வேண்டும். மூன்று நாள் உங்களோடு நின்றேன். துணி எங்கே இருக்கிறது, திறப்பு எங்கே தொங்குகிறது என்பதற்கு மேல் எனக்குக் கதை வரவில்லை. நான் கோபக்காரன் என்று நினைத்திருப்பீர்கள். எனக்கு ஆட்களோடு கதைப்பது எப்போதும் கஷ்டம். வானத்தைப் பார்க்கும் வேலை எனக்குப் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கருவிகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நீங்கள் படித்தவர்கள். வேலிக்கு நடுவில் இடுப்பளவு தூணின் மேல், கவிழ்த்து வைத்த கண்ணாடிக் கிண்ணம் போல ஒன்று இருக்கிறதே, அதன் மேல் எவ்வளவு வெயில் விழுகிறது என்று தூணில் பூட்டிய பெட்டியில் உள்ள இலக்கம் காட்டும். முகில் இல்லாத நாளில் நண்பகலில் தொள்ளாயிரத்தைத் தாண்டும். காலை பத்தரை வாக்கில் ஒரு செய்மதி விண்வெளியில் எங்களுக்கு மேலாகப் போகிறது. மதியம் ஒன்றரை வாக்கில் இன்னொன்று. முகில் மேலே திருப்பி எறிகிற வெளிச்சத்தை அவை பார்க்கின்றன. முகிலைத் தாண்டிக் கீழே விழுகிற மிச்சத்தை நாங்கள் பார்க்கிறோம். அந்த நேரத்தில் வானத்தை எட்டுத் துண்டாகப் பிரித்து, எத்தனை துண்டில் முகில் இருக்கிறது என்று எண்ணி, இலக்கத்தோடு சேர்த்துப் படிவத்தில் எழுத வேண்டும். கண்ணாடியில் மழைநீர் நின்றால் அந்த இலக்கத்தை நம்ப முடியாது. அப்போது அதற்குப் பக்கத்தில் ஒரு புள்ளடி, பெருக்கல் குறி மாதிரி, போட வேண்டும். இவ்வளவுதான் வேலை.

இவ்வளவுதான் என்பதால் முள்ளியவளைப் பக்கம் என்னைப் பகிடி பண்ணாத ஆள் இல்லை. காசு குடுத்து அண்ணாந்து பார்க்க விட்டிருக்கிறார்கள் என்பார்கள். முகிலர் என்று எனக்குப் பெயரும் வைத்தார்கள். சொந்தப் பெயர் சொல்லி விசாரித்தால் சந்தியில் ஒருவருக்கும் தெரியாது.

வெயில் அளக்கிற இந்த நிலையத்தைப் போட்டவர் பல்கலைக்கழகத்தில் இருந்து வந்த மிஸ். என்னைவிடப் பத்து வயது இளையவர். முதலாவது மாரியில், குளத்துக்கு மேலாகக் கறுத்துக்கொண்டு வந்த முகிலைக் காட்டி அது என்ன நிறம் என்று கேட்டார். கறுப்பு என்றேன். தன் கணினியைத் திறந்து, செய்மதி எடுத்த அதே நேரத்துப் படத்தைக் காட்டினார். எங்கள் குளம் இருக்க வேண்டிய இடத்தில், பார்க்கக் கண் கூசுகிற வெள்ளை.

“இதுதான் அது. கீழ எவ்வளவுக்குக் கறுப்போ மேல அவ்வளவுக்கு வெள்ளை. வெளிச்சம் துலைஞ்சு போகேல்லை, அண்ணை. வந்த வழியால திரும்பிப் போகுது.”

நான் வீட்டுக்குப் போய், கொடியில் காய்ந்த, நான் இடுப்பில் உடுக்கும் வெள்ளைச் சாரங்களை ஒன்றுக்கு மேல் ஒன்றாக விரித்துக் கீழே நுழைந்து நின்று பார்த்தேன். நாலாவது சாரத்தில் இருட்டிவிட்டது. வெளியே வந்து பார்த்தால் மேல் சாரம் வெயிலில் பளபளக்கிறது. மனைவி குசினி வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார். எனக்கு அன்று விளங்கியது. பிறகு அது மறக்கவே இல்லை. இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எனக்குத் தெரியாமல் ஒன்றும் நடக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் வயதில் உள்ளவர்களுக்கு வானம் என்றால் வானம்தான். என் வயதுக்காரர்கள் இந்த நிலத்தில் வானம் பார்க்கப் பழகியது வேறு விதமாக. சண்டைக் காலத்தில் தெளிந்த நீல வானம் கெட்ட வானம். விமானம் வரும். மப்பு மூடிக் கிடந்தால் அன்று பிள்ளைகளைப் பதுங்குகுழிக்கு வெளியே விடலாம், அடுப்பு மூட்டலாம், கண் மூடலாம். எத்தனையோ வருடம் கழிந்த பிறகும், வானம் முழுவதும் முகில் மூடினால் என் உடம்பு தன்பாட்டில் ஆறுதலாகிவிடும். அந்த நாட்களில் எனக்கு நல்ல நித்திரை வரும். நான் மட்டும் இல்லை, இங்கே கனபேர் அப்படித்தான்.

முதல் பிழை ஒரு சித்திரை மாதத்தில் நடந்தது. பிழை என்னுடையதும் அல்ல. நண்பகல் நேரம். பெரிய வெள்ளை முகில்கள் சூரியனைச் சுற்றி நின்றன, ஒன்றும் அதை மறைக்கவில்லை. பெட்டியில் இலக்கம் ஆயிரத்து நூற்றெண்பது. நான் அப்படி ஒன்றைக் கண்டதே இல்லை. கண்ணாடியைத் துடைத்தேன். குறையவில்லை. கண்டதை எழுதி அனுப்பினேன்.

பின்னேரம் கிளிநொச்சி அலுவலகத்தில் இருந்து தொலைபேசி வந்தது. படிவங்களைச் சரிபார்க்கிற உத்தியோகத்தர், இளம் ஆள். மரியாதையாகத்தான் கதைத்தார்.

“அண்ணை, ஆயிரத்து நூற்றெண்பது எண்டு எழுதியிருக்கிறியள். சூரியன் இறங்கி வந்து உங்கட வேலியில குந்திக்கொண்டு இருந்ததோ?”

அவருக்குப் பின்னால் இரண்டு மூன்று பேர் சிரிப்பது கேட்டது. புள்ளடி போடச் சொன்னார். போட்டேன்.

இரண்டு மாதம் கழித்து மிஸ் வந்து படிவங்களைப் புரட்டியபோது அந்த இடத்தில் நின்றார். யார் போட்டது, ஏன் என்று கேட்டார். சொன்னேன். முகில் மேலே மட்டும் எறிவதில்லை, பக்கத்தாலும் எறியும் என்று விளக்கினார். சூரியன் மறையாமல், சுற்றிலும் வெள்ளை முகில் நின்றால், நேரே வருகிற வெயிலோடு அந்த முகில்களின் பக்கங்களில் பட்டுத் தெறிக்கிற வெயிலும் கண்ணாடியில் விழும். நான் எழுதியது சரியான இலக்கம்.

“புள்ளடி ஈரத்துக்குத்தான், அண்ணை. ஆச்சரியத்துக்கு இல்லை” என்றார். படிவத்தின் கடைசியில் இருக்கிற குறிப்புக் கட்டத்தைக் காட்டி, புதினமாக, வழக்கத்துக்கு மாறாக ஏதும் கண்டால் இரண்டு வரி எழுதும்படி சொன்னார். அலுவலகத்துக்கும் எடுத்துச் சொன்னார். உத்தியோகத்தர் அதற்குப் பிறகு என்னோடு இன்னும் மரியாதையாகக் கதைத்தார்.

நான் வென்றுவிட்டேன் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்குள் நின்றது மிஸ் சொன்னது அல்ல, தொலைபேசியில் கேட்ட சிரிப்பு. குறிப்புக் கட்டத்தில் நான் ஒருநாளும் எழுதவில்லை. எழுதினால் என் கையெழுத்து கிளிநொச்சிக்குப் போகும், அந்த மேசையில் கைக்குக் கை மாறும் என்று நினைத்தேன். அதன் பிறகும் எத்தனையோ புதினங்களைக் கண்டேன். கட்டம் வெறுமையாகவே போனது.

இனிப் பவளம் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாய் தகப்பன் மலைநாட்டுத் தோட்டத்தில் இருந்து இடம்பெயர்ந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். கணவர் சண்டையின் கடைசி மாதங்களில் போனவர், வரவில்லை. மீளக் குடியேறியபோது கிடைத்த இரண்டு மாட்டில் தொடங்கி நாற்பத்தொன்று ஆக்கியிருந்தார். எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு. குளத்துக்கு அந்தப் பக்கம் தரவையில், அதாவது மேய்ச்சல் வெளியில், முள்வேலி போட்ட திறந்த பட்டி. பக்கத்தில் தகரம் போட்ட ஒரு கொட்டில், அதில் அவர். கிழமைக்கு இரண்டு தரம் தயிர்ச் சட்டியோடு எங்கள் வேலியடிக்கு வருவார். என்னை நிறையப் பகிடி பண்ணுகிற ஆள் அவர்தான். என்னோடு கதைக்கிற ஆளும் அவர்தான்.

இந்தப் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். காலபோகத்தில், மாரி மழைக்கு நெல் விதைத்ததில் இருந்து வெட்டும் வரைக்கும், மாடுகள் குளத்துக்கு அந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும். வயல் செய்கிற கமக்காரர் கூட்டத்தில் அப்படி முடிவெடுப்பார்கள். பயிருக்குள் மாடு இறங்கினால் பிடித்துக் கட்டிவிடுவார்கள், பிறகு சண்டைதான். குளக்கட்டில் மாடு ஏற்றக் கூடாது என்பதால், இந்தப் பக்கம் கொண்டுவர ஒரே வழி, வயல்களுக்கு நடுவே போகும் வாய்க்கால் வரம்பு. நாற்பத்தொரு மாட்டை அதில் சாய்த்து ஓட்டினால் இரு பக்கமும் பயிர் மிதிபடாமல் இருக்காது. வரம்பு முடிகிற இடத்தில், எங்கள் நிலையத்துக்கு அருகே, பண்ணைக்குச் சொந்தமான பழைய நெல் ஸ்ரோர் இருக்கிறது. நான்கு பக்கமும் சுவர், மேலே கூரை. அது வெறுமையாகக் கிடந்தது. திறப்பு என் கையில் இருந்தது.

மார்கழி மாதம். கடலில் ஏதோ கலங்கியிருக்கிறது என்று வானொலியில் சொன்னார்கள். முதல் நாள் காற்றும் தூறலும். வானம் எட்டுக்கு எட்டும் மூடிவிட்டது. பத்தரைக்கு இலக்கம் எழுபது. மழைநாளில் நூற்றைம்பது இருநூறு கண்டிருக்கிறேன், அந்த நேரத்தில் எழுபது கண்டதில்லை. கண்ணாடியைத் துடைத்து, மேலே குடை பிடித்துக் காயவிட்டு, குடையை எடுத்த கையோடு பார்த்தேன். எழுபதுதான். ஒன்றரைக்கு ஐம்பத்தைந்து. கை விறைத்தது. எங்கள் ஊரில் பகலில் கை விறைக்கிற குளிர் நான் அறிந்ததில்லை.

இரண்டாம் நாள் ஒன்றரைக்கு முப்பத்தொன்று. மூன்று தரம் துடைத்தேன். மூன்று தரமும் காய்ந்த கண்ணாடியில் முப்பத்தொன்று. படிவத்தில் எழுதினேன், புள்ளடி போடவில்லை. படம் எடுத்து அனுப்பினேன். இரண்டு மணிக்கு உத்தியோகத்தரின் அழைப்பு வந்தது.

“அண்ணை, உந்த இலக்கம் கருவிப் பிழை போல கிடக்கு. கண்ணாடியில தண்ணி நிக்குது, என்ன?”

நான் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தேன்.

“செய்மதிப் படமும் பாத்தனான். வடக்கு முழுக்கச் சுத்த வெள்ளை. உப்பிடி வெள்ளை நான் காணேல்லை. ஆனா முப்பத்தொண்டு எண்டால் பின்னேரம் ஆறு மணி மாதிரியெல்லோ. புள்ளடியப் போட்டுவிடுங்கோ. நேற்றையதுக்கும் சேர்த்து.”

தம்பி, தங்கச்சி, இந்த இடத்தைக் கவனமாக வாசியுங்கள். மேலே சுத்த வெள்ளை என்று அவரே சொல்கிறார். மேலே அவ்வளவு வெள்ளை என்றால் வெளிச்சம் முழுவதும் திரும்பிப் போகிறது. கீழே முப்பத்தொன்றுதான் வரும். மேலே இருந்து ஒரு சாட்சி, கீழே இருந்து ஒரு சாட்சி, இரண்டும் ஒன்றையே சொல்கின்றன. நாலு சாரத்துக்குக் கீழே நின்று பார்த்தவன் நான். எனக்கு அது தெரியும். கண்ணாடி காய்ந்திருக்கிறது என்று சொல்ல ஒரு வசனம் போதும். துடைத்த துணி அப்போதும் என் கையில் இருந்தது.

“ஓம் சேர்” என்றேன்.

போன தரம் சிரித்த சிரிப்பு வரப்போகிறது என்று நினைத்தேன். அது வரவில்லை. நன்றி அண்ணை என்று சொல்லி வைத்துவிட்டார். நான் இரண்டு நாள் இலக்கங்களுக்கும் புள்ளடி போட்டேன்.

ஒரு மணித்தியாலம் கழித்து பவளம் அக்கா வேலியடிக்கு வந்தார். சாக்கைத் தலையில் போட்டிருந்தார். கையில் தயிர்ச் சட்டி இல்லை.

“என்ன முகிலர், முந்தியெண்டால் இந்த மப்புக்கு நிம்மதியாச் சோறு காச்சியிருப்பம்” என்றார். இருவரும் கொஞ்சம் சிரித்தோம். பிறகு அவர் சிரிப்பை நிறுத்தினார்.

“பால்குடிக் கண்டுகள் நடுங்குதுகள், தம்பி. காத்துக்கு மறைப்பில்லை. உந்த ஸ்ரோர் சும்மாதானே கிடக்கு. இப்ப சாய்ச்சால் பொழுதுபட முந்திக் கொண்டுவந்திடுவன். வயலுக்காரர் ஏசுவினம், ஏசட்டும். ஆனா நாளைக்கு வெயில் எறிச்சால் பயிரையும் மிதிச்சு ஊரையும் பகைச்சதாப் போயிடும். நீங்கள் சொல்லுங்கோ. வெயில் வருமோ?”

என் கண்ணில் பட்ட வானத்தில் வெயில் வருவதற்கு ஒரு அடையாளமும் இல்லை. ஆனால் நான் ஒரு மணித்தியாலத்துக்கு முன்தான் அந்த இலக்கம் பொய் என்று புள்ளடி போட்டிருந்தேன். அதைப் பொய் என்று எழுதிய பிறகு அதை நம்பி மாட்டைச் சாய்க்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஸ்ரோரைத் திறப்பதென்றால் பண்ணை முகாமையாளருக்குத் தொலைபேசி எடுக்க வேண்டும், கமக்காரர் சங்கத் தலைவரிடம் போய் நிற்க வேண்டும், காரணம் கேட்டால் விளக்க வேண்டும். இத்தனை பேரோடு கதைக்க வேண்டும். என் உடம்பும் அந்த மப்புக்குக் கீழே பயமில்லாமல் ஆறுதலாக இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்கிறேன், ஒன்றையும் ஒளிக்கவில்லை.

“நாளைக்கு வெளிக்கும் போலதான் கிடக்கு, அக்கா” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். “சரி. நீங்கள் சொன்னால் சரி” என்று சொல்லிவிட்டு, குளக்கட்டால் திரும்பிப் போனார். காற்றுக்குச் சாக்கு பறக்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு போனார்.

அன்று நான் நல்ல நித்திரை கொண்டேன்.

விடிய நிலையத்துக்கு வந்தபோது குளத்துக்கு அந்தப் பக்கம் சத்தம் இல்லை. கறக்கிற நேரத்தில் நாற்பத்தொரு மாடு நிற்கிற இடத்தில் சத்தம் இல்லாமல் இருக்காது. சைக்கிளைத் திருப்பிக் குளக்கட்டால் போனேன்.

மாடுகள் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வேலியோடு நெருங்கி நின்று, நின்றபடி சரிந்திருக்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று கிடந்தன. கண்டுகளை நடுவில் விட்டு வளைத்து நின்றிருக்கின்றன. கண்டுகளின் முதுகில் சேலைகள் கிடந்தன. அக்காவிடம் இருந்த சேலைகள் எல்லாம் அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். அவையும் நனைந்து ஊறிப்போய் இருந்தன. கொட்டில் வாசலில் நெருப்பு மூட்டப் பார்த்த வைக்கோல் கருகாமல் கிடந்தது. அவர் ஒரு பசுவின் கழுத்தைச் சாக்கால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“பிடியுங்கோ, தம்பி. இதில மூச்சு இருக்கு.”

நானும் ஒரு சாக்கை எடுத்துத் தேய்த்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தோல் சூடாகவே இல்லை. பசு ஒரு தரம் காலை நீட்டியது, பிறகு மூச்சு இல்லை. அக்கா கையை எடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் தேய்த்தார். பிறகு நிறுத்திவிட்டுத்தான் என்னைப் பார்த்தார்.

“வானம் பாத்தனீங்கள்தானே, தம்பி?”

“ஓம், அக்கா.”

“பேந்தென்ன?”

பிறகு ஏன் இப்படி என்று அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்பித்தான் கேட்டார். நான் சாக்கோடு அடுத்த மாட்டிடம் போனேன்.

பதினான்கு மாடு எழும்பி நின்றன. அவற்றை வாய்க்கால் வரம்பால் சாய்த்துக்கொண்டு வந்தோம். காலில் பலம் இல்லாமல் அவை வரம்பில் இருந்து வழுக்கிப் பயிருக்குள் இறங்கின. வயல்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். ஒருவரும் ஏசவில்லை. ஒருவர் தன் வேலியைப் பிரித்துக் குறுக்கு வழி விட்டார். நான் ஸ்ரோரைத் திறந்தேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்காமல் திறக்க முடியும் என்பது அந்த நேரத்தில்தான் எனக்குத் தெரிந்தது. உள்ளே வந்த பதினான்கில் நாலு மறுநாளைக் காணாமல் செத்தன. செத்த எல்லாவற்றையும், மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் கொண்டுவந்து, தரவையிலேயே குழி வெட்டித் தாட்டார்கள். அக்காவின் பட்டி மட்டுமல்ல, அந்த நாட்களில் மாடு சாகாத பட்டி பக்கத்தில் குறைவு.

இதற்கு மேல் ஒன்று இருக்கிறது. எழுத வெட்கமாக இருக்கிறது. அன்று மதியம் ஒன்றரைக்குச் சேற்றுக் கையோடு நிலையத்துக்குப் போனேன். கண்ணாடியைத் துடைத்தேன். இலக்கம் நாற்பது. எழுதினேன். அதற்கும் புள்ளடி போட்டேன். அதற்குப் போடாமல் விட்டால், முதல் இரண்டு நாளும் போட்டது பொய் என்று படிவமே சொல்லிவிடும் அல்லவா? இருபத்தேழு மாட்டைக் கிடக்கக் கண்டுவிட்டு வந்த பிறகும் என் கை அதைத்தான் செய்தது. ஒரு பொய்யான புள்ளடி தனியே நிற்காது. பக்கத்தில் இன்னொன்றைக் கேட்கும்.

மாசியில் மிஸ் வந்தார். கண்ணாடியின் கணக்குகள் தன்பாட்டில் பெட்டிக்குள்ளும் பதிவாகின்றன, உங்களுக்குத் தெரியும். அதையும் செய்மதிப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அந்த மூன்று நாளும் இரண்டும் ஒன்றோடொன்று அச்சுப் போலப் பொருந்தின. அதுவரையான எட்டு வருடத்தில் அவ்வளவு நன்றாகப் பொருந்திய நாட்கள் குறைவு என்றார். பிறகு படிவத்தைக் காட்டி, புள்ளடி யார் போட்டது என்று கேட்டார். உத்தியோகத்தர் சொல்லித்தான் என்று சொல்ல வாய் வந்தது. நான் என்று சொன்னேன். கண்ணாடியில் தண்ணீர் நின்றதா என்று கேட்டார். காய்ந்துதான் இருந்தது என்றேன். பிறகு பவளம் அக்கா வந்ததையும் சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் அவரோடு கதைத்தது அன்றுதான்.

மிஸ் வெளியே போய்த் தரவைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“மேல இருந்து பாத்தது சரி. கீழ இருந்து பாத்ததும் சரி” என்றார். “இடையில நிண்ட நாங்கள்தான் பிழை, அண்ணை. அந்தப் படம் என்ர மேசையிலயும் கிடந்தது.”

கணினியில் உள்ள புள்ளடிகளை அவர் எடுத்துவிட்டார். தாளில் உள்ளதை எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை. படிவத்தின் பிரதி ஒன்றைக் கேட்டேன், தந்தார்.

பவளம் அக்கா மிச்சம் பத்து மாட்டையும் விற்றுவிட்டார். இப்போது கச்சான் தோட்டங்களில் கடலை பிடுங்கக் கூலிக்குப் போகிறார். சந்தையில் கண்டால் சுகம் விசாரிப்பார். முகிலர் என்று கூப்பிடுவதில்லை. தம்பி என்றும் கூப்பிடுவதில்லை. வானத்தைப் பற்றி அதற்குப் பிறகு அவர் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை.

அடுத்த மாரியில் திரும்பவும் ஒரு நாள் இலக்கம் அறுபதுக்கு இறங்கியது. அன்று நான் புள்ளடி போடவில்லை. உத்தியோகத்தருக்கு நானே அழைத்து, கண்ணாடி காய்ந்திருக்கிறது சேர், இது சரி என்று சொன்னேன். சங்கத் தலைவர் வீட்டு வாசலில் போய் நின்று, மாடுகளை இந்தப் பக்கம் எடுக்க வேண்டும், நான் ஸ்ரோரைத் திறக்கிறேன் என்றேன். போன வருடத்தை நினைத்து அவர் மறுக்கவில்லை. மூன்று பட்டி மாடுகள் வரம்பால் வந்தன. நிறையப் பயிர் மிதிபட்டது.

மறுநாள் பத்து மணிக்கு நல்ல வெயில். பத்தரைக்கு எழுநூறு. பயிர் மிதிபட்ட ஒருவர் வேலியடிக்கு வந்து நின்று, “முகிலர், வெயில் சுடுது, குடை ஒண்டு தரட்டோ?” என்றார். வந்தவர்கள் சிரித்தார்கள். நட்டப்பட்டவருக்கு அந்தப் பகிடி கூட இல்லாவிட்டால் என்ன மிச்சம் என்று நானும் அங்கேயே நின்றேன். அவருடைய ஏச்சைப் பிறகு ஒரு மாதம் கேட்டேன்.

ஆகவே, இலக்கத்தை நம்பினால் எல்லாம் நன்றாக நடக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் வெயில் எவ்வளவு என்று மட்டும்தான் கண்ணாடி சொல்லும். நாளைக்கு என்ன என்று அதற்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. ஆனால் வேலியடிக்கு ஒருவர் வந்து கேட்டால், நீங்கள் கண்டதை அவருக்குச் சொல்லுங்கள். முப்பத்தொன்று, இப்படி நான் கண்டதில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால் போதும். முடிவை அக்காவே எடுத்திருப்பார். அவருக்கு மாடு தெரியும். எனக்குத் தெரிந்ததை நான் அவரிடம் கொடுக்கவில்லை.

என் வலது கண்ணில் சதை வளர்ந்து கருமணியை மறைத்துவிட்டது. வைத்தியர் ஒரு தரம் வெட்டினார், திரும்பவும் வளர்ந்தது. வெயிலில் நிற்பவர்களுக்கு வருவது என்றார். இப்போது எட்டுத் துண்டில் இரண்டு எனக்குத் தெரிவதில்லை. அதனால்தான் அறுபது வயது ஆகுமுன் வேலையை விட்டுப் போகிறேன். நீங்கள் இரண்டு பேரும் கறுத்தக் கண்ணாடி போடுங்கள், தொப்பி போடுங்கள். ஊர் சிரிக்கும், பரவாயில்லை.

அந்தப் படிவத்தின் பிரதி இப்போது எனக்கு முன்னால் இருக்கிறது. கடைசியில் குறிப்புக் கட்டம் வெறுமையாக இருக்கிறது. மூன்று விரல் அகலம்தான். இவ்வளவும் எழுதிய பிறகு அதில் எழுத எனக்குக் கூச்சம் இல்லை. எழுதிவிட்டேன். கிளிநொச்சிக்கும் ஒரு பிரதி அனுப்புவேன். கொப்பியில் உங்களுக்காகத் திரும்பவும் எழுதுகிறேன்:

மார்கழி, மழையின் இரண்டாம் நாள், மதியம் ஒன்றரை. முகில் எட்டுக்கு எட்டு. வெயில் முப்பத்தொன்று. கண்ணாடி காய்ந்துதான் இருந்தது. மூன்று தரம் நானே துடைத்தேன். இலக்கம் சரி. கடுங்குளிர். தரவையில் உள்ள மாடுகளை உடனே உள்ளே எடுக்க வேண்டும். ஸ்ரோர்த் திறப்பு என்னிடம் இருக்கிறது.

எழுதிய நாள்: தை மாதம் பத்தொன்பதாம் திகதி, மூன்று வருடம் பிந்தி.